இது, அது, உது

ரிச்சி தெருவுக்குப் போயிருக்கிறீர்களா? சென்னைவாசியாக இருந்தால் ஒரு தடவையாவது போயிருப்பீர்கள். டி.வி. ரிமோட்டில் ஆரம்பித்து லேப்டாப் சார்ஜர் வரை வீட்டில் எது மண்டையைப் போட்டாலும், கடைசி நம்பிக்கையாகத் தூக்கிக்கொண்டு ஓடுகிற இடம். அண்ணா சாலைக்குப் பின்பக்கம், சிந்தாதிரிப்பேட்டையின் ஓரத்தில், ஒரு ஆட்டோ நுழைந்தால் எதிர் ஆட்டோ மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டிய அகலத்தில் இருக்கிறது.

அங்கே ரொம்ப காலமாக ஒரு துளி ஜப்பானியம் புழங்குகிறது, தெரியுமோ? கடையில் போய் ‘சி 1815 பத்து குடுங்க’ என்று கேட்பார்கள். அது ஜப்பானிய டிரான்ஸிஸ்டர். முழுப்பெயர் 2எஸ்சி1815. மிளகு சைஸ் உடம்பில் அவ்வளவையும் எழுத இடமில்லாததால் முன்னால் இருக்கிற 2எஸ்ஸை வெட்டிவிட்டு அச்சடிப்பார்கள். ஏ, பி என்று ஆரம்பித்தால் ஒரு வகை, சி, டி என்றால் எதிர் வகை. இதெல்லாம் ஜப்பான்காரர்கள் போட்ட சட்டம். ரிச்சி தெரு கடைப் பையன்களுக்கு அது மனப்பாடம்.

போன ஜூன் மாதம் அப்பாவின் பழைய நேஷனல் பானசோனிக் டேப்ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு அங்கே போனேன். கடைக்கார பாய் அதைக் கவிழ்த்துப் போட்டு நோண்டிக்கொண்டிருக்க, கல்லாவுக்குக் கீழே உட்கார்ந்திருந்த பையன் ஸ்பைரல் பைண்டிங் போட்ட ஜெராக்ஸ் புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். ஜப்பானியப் பாடப்புத்தகம். எனக்குப் பழைய நண்பனைப் பார்த்த மாதிரி இருந்தது. நண்பன் என்று சொல்லக்கூடாது, கடன் கொடுத்தவனைப் பார்த்த மாதிரி.

ஏனென்று அப்புறம் சொல்கிறேன்.

பையன் என்னைப் பார்த்து, “அண்ணா, நீங்க பத்திரிகைல எழுதுறவர்னு பாய் சொன்னாரு. ஒரு டவுட்டு. ‘தட்’டுக்கும் ‘தட் ஓவர் தேரு’க்கும் இன்னாண்ணா வித்யாசம்?” என்றான்.

ஜப்பானியத்தில் பொருளைச் சுட்டிக்காட்ட மூன்று சொற்கள். கொரெ, ஸொரெ, அரெ. புத்தகத்தில் ஆங்கிலத்தில் விளக்கம் போட்டிருந்தது. கொரெ என்றால் திஸ். ஸொரெ என்றால் தட். அரெ என்றால் தட் ஓவர் தேர். அங்கே இருப்பதும் அது, அதற்கும் அங்கே இருப்பதும் அது. என்னாலும் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. “ஒண்ணு கொஞ்சம் தூரம், இன்னொண்ணு ரொம்ப தூரம்” என்று உளறிவைத்தேன். தப்பான பதில். அப்போது எனக்கு அது தெரியாது.

பேச்சுக் கொடுத்தேன். அம்மா சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட்டில் மீன் விற்கிறார். பிளஸ் டூ வரை கார்ப்பரேஷன் பள்ளிக்கூடம், தமிழ் மீடியம். இப்போது பி.காம். (“நானும் பி.காம்.தான்” என்றேன். பெரிதாக ஈர்க்கப்பட்டவனாகத் தெரியவில்லை.) காலையில் காலேஜ், மத்தியானத்துக்கு மேல் கடை. காலேஜில் சனிக்கிழமைகளில் ஜப்பானிய சர்டிஃபிகேட் வகுப்பு. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருக்கிற ஜப்பான் கம்பெனிகளில் மொழி தெரிந்தவனுக்குத் தனி மரியாதை என்று யாரோ சொல்ல, அம்மா சீட்டு எடுத்து ஃபீஸ் கட்டியிருக்கிறார். டிசம்பரில் என்5 என்கிற அடிமட்டப் பரீட்சை. அதில் தேறினால்தான் அடுத்த வகுப்பு.

“தேறிடுவேனான்னு தெரில. ஜப்பான்லேர்ந்து இங்கிலீஷுக்குப் போயி, இங்கிலீஷ்லேர்ந்து தமிழுக்கு வர்றதுக்குள்ள சென்செய் அடுத்த பக்கத்துக்குப் போயிடுறாங்க. விட்டுடலாமான்னு பாக்குறேன்.”

சிந்தாதிரிப்பேட்டைக்கு நேர் பின்னால் கூவத்தைத் தாண்டினால் எழும்பூர். பாலம் இருக்கிறது. ஆனால் இந்தப் பையனை, திருவொற்றியூர் போய்ச் சுற்றிக்கொண்டு எழும்பூருக்கு வா என்று அனுப்பியிருந்தார்கள். வழியில் அவன் களைத்துப்போனால் அது அவன் தப்பா?

இப்போது என் கடன் கதை. 2003-ல் நானும் ஜப்பானியம் படிக்கப் போனவன். அப்போது சாஃப்ட்வேர் உலகத்தில் ஜப்பானியம் தெரிந்தவர்களுக்குக் கிராக்கி என்று ஊரே பேசிக்கொண்டது. இதே புத்தகம்தான். 1998-ல் ஜப்பானில் வெளியாகி, பல நாடுகளில் வகுப்புகளில் வைத்திருக்கிற ‘மின்ன நோ நிஹோங்கோ’. அதில் மில்லர் என்று ஒரு அமெரிக்கர் வருவார். எப்போது பார்த்தாலும் ரயிலில் எங்காவது போவார், எதையாவது வாங்குவார். நம்ம ஊர் சார்பில் குப்தா என்று ஒருவர் உண்டு, அதிகம் பேசமாட்டார். முதல் பாகத்தில் 25 பாடங்கள். நான் வகுப்பை விட்டு நின்றது 24-ஆவது பாடத்தில். இன்னும் ஒன்றே ஒன்றுதான் பாக்கி! என் வாழ்க்கை வரலாற்றை யாராவது எழுதினால் இந்த ஒரு வாக்கியம் போதும்.

24-ல் என்னை விழவைத்தது எது என்றால், ‘கொடு’. ஜப்பானியத்தில் கொடுப்பதற்கு இரண்டு வினைகள். நான் உனக்குக் கொடுத்தால், அவன் இன்னொருவனுக்குக் கொடுத்தால், ‘அகெரு’. எனக்கோ என் வீட்டாருக்கோ வெளியாள் கொடுத்தால் ‘குரெரு’. ஆங்கிலக் குறிப்பில் இரண்டுக்கும் ‘கிவ்’ என்றுதான் இருந்தது. எதற்கு இரண்டு என்று நான் கேட்க, ஆசிரியர் ஆங்கிலத்தில் ஏதோ சொல்ல, அடுத்த சனிக்கிழமை எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. அதற்கடுத்த சனிக்கிழமையும்.

டேப்ரிக்கார்டர் தேறாது என்று பாய் சொல்லிவிட்டார். அதை அப்படியே வீட்டுக்குத் தூக்கி வந்தேன். ‘தட் ஓவர் தேர்’ மட்டும் மண்டையில் ஓடிக்கொண்டே இருந்தது.

விடை எதிர் ஃபிளாட்டில் இருந்தது.

எங்கள் எதிர் ஃபிளாட்டில் இருக்கும் அம்மாவுக்கு எழுபதுக்கு மேல் வயது. யாழ்ப்பாணத்துக்காரர். 1990-ல் இங்கே வந்தவர். இத்தனை வருஷம் சென்னைத் தண்ணீர் குடித்தும் பேச்சில் ஒரு எழுத்து மாறவில்லை. ஒருநாள் காலை நான் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது வந்து, “தம்பி, உந்தப் பேப்பரை ஒருக்காத் தாங்கோ, பாத்துட்டுத் தாறன்” என்றார்.

உந்த!

எத்தனையோ முறை அவர் சொல்லிக் கேட்டதுதான். வட்டார வழக்கு என்று காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. “அம்மா, ஏன் ‘அந்தப் பேப்பர்’னு சொல்லலை?” என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். “அது தூரத்திலயெல்லோ? உது உங்கட கையிலதானே கிடக்கு.”

அவ்வளவுதான் விஷயம். என் கையில் இருந்தால் இது. உங்கள் கையில் இருந்தால் உது. இரண்டு பேர் கையிலும் இல்லாமல் அங்கே இருந்தால் அது. கொரெ, ஸொரெ, அரெ. ஆங்கிலத்தில் அரைப் பக்கம் படம் போட்டு விளக்குவதை அந்த அம்மா ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். அ, இ, உ ஆகிய மூன்றும் சுட்டு என்று தொல்காப்பியம் சொல்லுவதைப் பள்ளிக்கூடத்தில் நானும் ஒப்பித்திருக்கிறேன், ஐந்து மார்க்குக்கு. தமிழ்நாட்டில் நாம் ‘உ’வை எங்கோ தொலைத்துவிட்டோம். யாழ்ப்பாணத்துக்காரர்கள் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

நான் ஜப்பானியம் என்று ஆரம்பித்ததும் அம்மா, “எங்கட கம்பஸ் சண்முகதாஸ் சேரும் மனோன்மணி அக்காவும் உதெல்லாம் எப்பவோ ஆராய்ஞ்சு போட்டினம்” என்றார். அங்கே பிடித்தது எனக்கு வேலை. பத்து நாள் நூலகம் நூலகமாக அலைந்தேன்.

கதை இதுதான். சுசுமு ஓனோ என்று ஒரு ஜப்பானிய அறிஞர். 1919-ல் டோக்கியோவில் பிறந்தவர். ககுஷுயின் பல்கலைக்கழகப் பேராசிரியர். பழைய ஜப்பானிய மொழிக்கு அகராதி தயாரித்தவர்களில் ஒருவர். சாதாரண ஜப்பானியர்கள் தங்கள் மொழியைச் சரியாகப் பழக அவர் எழுதிய சிறு புத்தகம் 1999-ல் வந்து பத்து லட்சம் பிரதிகளுக்கும் மேல் விற்றது. இப்படி சொந்த ஊரில் பெரும்புள்ளியாக இருந்த மனிதர், அறுபது வயதை ஒட்டி, ‘ஜப்பானிய மொழியின் வேர் தமிழில் இருக்கிறது’ என்று கிளம்பினார். 1980-ல் இரண்டு மொழிகளின் ஒலி ஒப்புமை பற்றி ஆங்கிலத்தில் நூல் வெளியிட்டார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் அ. சண்முகதாஸும் அவர் மனைவி மனோன்மணியும் வருஷக்கணக்காக அவரோடு சேர்ந்து உழைத்தார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொற்கோவும் கைகொடுத்தார். தம்பதி, ஜப்பானின் ஆகப் பழைய கவிதைத் தொகுப்பான மன்யோஷுவிலிருந்து பாடல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தார்கள். நம்ம பொங்கலையும், ஜப்பானின் வடகிழக்குக் கிராமங்களில் ஜனவரி 15-ஐ ஒட்டி நடக்கும் சடங்குகளையும் ஓனோ பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அவர்களின் ‘அவாரெ’தான் நம் ‘அவலம்’ என்றார். நெல்லோடும் நெசவோடும் தமிழும் கடல் தாண்டிப் போயிருக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

ஜப்பானிய அறிஞர்கள் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டார்கள். செக் நாட்டில் பிறந்த தமிழறிஞர் கமில் சுவலபில் 1985-ல் இதை எடைபோட்டு ஒரு கட்டுரையே எழுதினார். பெரும்பாலான மொழியியலாளர்கள் இன்றுவரை ஓனோவின் முடிவை ஏற்கவில்லை. 2008-ல், 88 வயதில் இறக்கும்வரை அவரும் விடவில்லை.

நாம் என்ன செய்தோம்? பாதியைப் பிடித்துக்கொண்டோம். ‘பார்த்தியா, ஜப்பான்காரனே தமிழன்தான்!’ மேடையில் சொன்னோம், கைதட்டினோம், இப்போது வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். மன்னிக்க வேண்டும், இந்தக் கைதட்டலில் எனக்குச் சலிப்புதான் வருகிறது. ரத்த சம்பந்தம் இருக்கிறதா இல்லையா என்பதை மொழியியல்காரர்கள் இன்னும் நூறு வருஷம் சண்டை போட்டுத் தீர்க்கட்டும். சம்பந்தம் இல்லாமலேயே இரண்டு மொழிகள் ஒரே மாதிரி நடக்கலாம். கொரிய மொழியும் அப்படித்தான் நடக்கிறது. கொரிய மாணவனுக்குக் கொரிய மொழி வழியாகவே ஜப்பானியம் சொல்லித்தருகிறார்கள், அவன் சர்ரென்று ஏறிவிடுகிறான். ஓனோவும் சண்முகதாஸ் தம்பதியும் நிரூபிக்கப்போனது ஒன்று. ஆனால் அந்த உழைப்பின் ஊடே பாதி எழுதி வைத்த ஒரு பாடப்புத்தகம் கிடக்கிறது. அதை எடுத்து முடிக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

சந்தேகமிருந்தால் இதைப் பாருங்கள். ஜப்பானியர் வீட்டை விட்டுக் கிளம்பும்போது ‘போகிறேன்’ என்று சொல்லமாட்டார்கள். ‘இத்தெ கிமஸ்’ என்பார்கள். இத்தெ என்றால் போய். கிமஸ் என்றால் வருகிறேன். போயிட்டு வர்றேன்! அதற்கு வீட்டிலிருப்பவர் சொல்லும் பதில், ‘இத்தெ இரஷ்ஷாய்’. போயிட்டு வா. நம்ம வீட்டு வாசலில் ஒரு நாளைக்கு நாலு தடவை நடக்கிற உரையாடல். இதற்கு ஆங்கிலத்தில் ‘ஐ ஆம் ஆஃப்’ என்று அர்த்தம் போட்டால் எப்படி இருக்கும்?

சாப்பிட்டுப் பார் என்பதற்கு அவர்களும் சாப்பிட்டுப் ‘பார்’ என்றுதான் சொல்கிறார்கள், தபெதெ மிரு. மிரு என்றால் பார்ப்பது. இது புத்தகத்தில் நாற்பதாவது பாடம். தமிழ்ப் பிள்ளைக்கு இது நாலு நிமிஷம். ‘நேத்து வந்த ஆள்’ என்பதை ஆங்கிலத்தில் சொல்ல ஒரு ‘ஹூ’ வேண்டும், தலைகீழாக நிற்க வேண்டும். ஜப்பானியத்தில் நேத்து, வந்த, ஆள், அதே வரிசை. கேள்வி கேட்க வாக்கியத்தின் வாலில் நாம் ‘ஆ’ ஒட்டுகிறோம், அவர்கள் ‘கா’ ஒட்டுகிறார்கள். அண்ணன், தம்பி, அக்கா, தங்கை நாலுக்கும் நாலு தனிச் சொல் அங்கேயும் உண்டு. ஆங்கிலக் குறிப்பில் ‘எல்டர் பிரதர்’, ‘யங்கர் பிரதர்’ என்று நீட்டி முழக்கியதைப் படித்து, அண்ணனோடு பிறந்த ஒரு பையன் அர்த்தம் தேடவேண்டியிருக்கிறது!

என்னைக் கவிழ்த்த ‘கொடு’வுக்கு வருகிறேன். யாழ்ப்பாணத்தம்மா பேப்பர் கேட்டபோது ‘தாங்கோ’ என்றாரே, கவனித்தீர்களா? ‘கொடுங்கோ’ என்று சொல்லவில்லை. தொல்காப்பியத்தில் இதற்குச் சட்டமே இருக்கிறது. தருவது நம்மை நோக்கி வருவது, அதாவது தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியது. கொடுப்பது விலகிப்போவது, படர்க்கைக்கு உரியது. எனக்குத் தா, அவனுக்குக் கொடு. மலையாளிகள் இன்றும் இதைக் கலக்காமல் பேசுகிறார்கள். ஈ, தா, கொடு ஆகிய மூன்றையும் கேட்பவனின் அந்தஸ்தைப் பொறுத்துப் பிரிக்கிற இன்னொரு விதியும் அதே நூலில் உண்டு. ஜப்பானியத்திலும் கொடுப்பதற்குப் பணிவுச் சொல், சமமான சொல், கீழே இருப்பவருக்கான சொல் என்று படிக்கட்டு இருக்கிறது.

பி.காம். மூளைக்கு இது எப்படிப் புரிந்தது தெரியுமா? என் பேரேடு. குரெரு என்றால் வரவு. அகெரு என்றால் செலவு. யாருடைய கணக்குப் புத்தகம் என்பது தெரிந்துவிட்டால் அப்புறம் குழப்பமே இல்லை. இருபது வருஷம் கழித்து 24-ஆவது பாடம் பாஸ்!

இந்த உற்சாகத்தில் ரிச்சி தெருவுக்கு ஓடினேன். கல்லாவுக்குக் கீழே உட்கார்ந்து பையனிடம் உது, தா, கொடு எல்லாவற்றையும் கொட்டினேன். அவன் ஒரு நூறு பக்க நோட்டு வாங்கி இடதுபக்கம் ஜப்பானியம், வலதுபக்கம் தமிழ் என்று எழுத ஆரம்பித்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஃபிளாட்டுக்கு வந்து யாழ்ப்பாணத்தம்மாவிடம் உட்கார்ந்துகொள்வான். “பாட்டி, இதுக்கு உங்க ஊர்ல இன்னா சொல்வீங்க?” அவர் சொல்லுவார், இவன் எழுதுவான். வரும்போது அம்மா கொடுத்தனுப்பியது என்று வஞ்சிரம் ரெண்டு துண்டு கொண்டுவருவான். பாட்டி சைவம். அது என் வீட்டுக்கு வந்துவிடும். பாடப்புத்தகத் தயாரிப்பில் எனக்குக் கிடைத்த ராயல்டி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகஸ்டில் அந்த நோட்டை அவனுடைய சென்செய் பார்த்திருக்கிறார். ஜப்பானியப் பெண்மணி, கணவருக்கு ஒரகடத்தில் வேலை, இவர் சனிக்கிழமைகளில் வந்து சொல்லித்தருகிறார். தமிழ் தெரியாது. ஒவ்வொரு பக்கமாக இவனை விளக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டார்.

கண்ணெதிரே இருக்கும் பொருளுக்கு ‘உது’ சரி. ஆனால் கண்ணெதிரே இல்லாததைப் பற்றிப் பேசும்போது கணக்கு மாறுகிறது. நீங்கள் நேற்று பார்த்த ஒரு படத்தைப் பற்றிச் சொல்கிறீர்கள், நான் அதைப் பார்க்கவில்லை என்றால் நான் ‘ஸொனொ’ படம் என்று கேட்க வேண்டும். இருவரும் பார்த்திருந்தால் ‘அனொ’ படம். இருவருக்கும் தெரிந்ததா, ஒருவருக்கு மட்டும் தெரிந்ததா என்பதுதான் அங்கே தூரம். ‘தா’வும் முழுசாகப் பொருந்தவில்லை. ‘உனக்குத் தருகிறேன்’ என்பதைத் தொல்காப்பியர் ‘தா’ பக்கம் சேர்ப்பார். ஜப்பானியத்தில் உனக்கென்றாலும் அது ‘அகெரு’தான். நான் துள்ளிக் குதித்துச் சொல்லிக்கொடுத்ததில் கால்வாசி அடிபட்டுப்போனது.

எனக்கு வெட்கமாக இருந்தாலும் ஒன்று உறைத்தது. இந்தப் பக்கத்து ஆள் மட்டும் உட்கார்ந்தாலும் புத்தகம் நொண்டும், அந்தப் பக்கத்து ஆள் மட்டும் உட்கார்ந்தாலும் நொண்டும். இதற்கு ஒரு பழைய சாட்சி, நம்ம மயிலாப்பூரில் 1545-ல் சில மாதங்கள் தங்கியிருந்த பிரான்சிஸ் சேவியர்.

முத்துக்குளித்துறையில் ஊழியம் செய்ய வந்தவருக்குத் தமிழ் தெரியாது. ஜெபங்களை மொழிபெயர்க்கச் சொல்லி மனப்பாடம் செய்தார். ‘விசுவசிக்கிறேன்’ என்று வரவேண்டிய இடத்தில் ‘வேணும்’ என்று போட்டிருந்தார்கள். கரையோரம் முழுக்க மக்கள் ‘எனக்கு வேணும்’ என்று ஜெபித்திருக்கிறார்கள்! 1544-ல் தன் சக ஊழியருக்கு எழுதிய கடிதத்தில், அந்தச் சொல்லை மாற்றச் சொன்னார். ஐந்து வருஷம் கழித்து, 1549-ல் ஜப்பானின் ககோஷிமாவில் இறங்கினார். மலாக்காவில் பழக்கமான அஞ்சிரோ என்ற ஜப்பானியர்தான் மொழிபெயர்ப்பாளர். கடவுளுக்கு ‘டைனிச்சி’ என்று சொல் போட்டார்கள். அது ஒரு புத்தரின் பெயர். பிக்குகள் மகிழ்ச்சியாக வரவேற்றார்கள், நம்ம ஆள்தான் என்று. விஷயம் தெரிந்ததும் சேவியர் அதைத் தூக்கியெறிந்துவிட்டு ‘தேயுஸ்’ என்றே சொல்லச் சொன்னார்.

பின்னால் வந்த பாதிரியார்கள் பாடம் கற்றுக்கொண்டார்கள். கோவா வழியாக 1590-ல் அச்சு இயந்திரம் போய் இறங்கியது. ஃபாபியன் என்ற ஜப்பானியச் சகோதரரை உட்காரவைத்து, அவர்கள் ஊர்ப் போர்க்காவியமான ஹெய்கே கதையைப் பேச்சுமொழியில் எழுதவைத்து, 1592-ல் அமகுசாவில் ரோமன் எழுத்தில் அச்சடித்தார்கள். முழுக்க முழுக்க மொழி படிப்பதற்காக. 1603-ல் நாகசாகியில் சுமார் 32,000 சொற்களோடு ஜப்பானிய-போர்ச்சுகீசிய அகராதி. பழைய ஜப்பானியப் பேச்சு எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள ஜப்பானிய அறிஞர்களே இன்று அதைத்தான் புரட்டுகிறார்கள். அமெரிக்கர்களும் இதே வழியில்தான் போனார்கள். 1960-களில் எலினார் ஜோர்டனும் ஹமாகோ சாப்ளினும், அதாவது ஒரு அமெரிக்கரும் ஒரு ஜப்பானியரும், ஒரே மேஜையில் உட்கார்ந்து எழுதிய புத்தகம் அங்கே ஒரு தலைமுறையையே படிக்கவைத்தது.

நம்ம ஊரில் மேஜை இருக்கிறது. பூங்கொத்து இருக்கிறது. ஜப்பானியப் பல்கலைக்கழகத்தோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் என்று நிருபராக எத்தனையோ விழாவுக்குப் போய் முந்திரி பிஸ்கட் சாப்பிட்டிருக்கிறேன். மாணவர் பரிமாற்றம், ஆய்வுப் பரிமாற்றம், கலாசாரப் பரிமாற்றம். ஒரு பாடப்புத்தகம் சேர்ந்து எழுதுவோம் என்று நான் உட்கார்ந்திருந்த ஒரு விழாவிலும் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அண்ணா சாலைக்கு அடியில் ஓடுகிற மெட்ரோ ரயிலின் முதல் கட்டத்துக்குப் பெரும்பகுதிப் பணம் ஜப்பான் கடனில் வந்தது. சுரங்கம் தோண்டக் கடன் கிடைத்த ஊரில், தமிழ் தெரிந்த ரெண்டு பேரையும் ஜப்பானியம் தெரிந்த ரெண்டு பேரையும் ரெண்டு வருஷம் ஒரு அறையில் உட்காரவைக்கக் காசு கிடைக்காதா?

சுலபமான வேலை என்று சொல்லமாட்டேன். முதல் பக்கத்திலேயே தகராறு வரும். பையனின் நோட்டில் வந்தது. ‘ககி’ என்று தமிழில் எழுதியிருந்தான். கி-யை அழுத்திச் சொன்னால் சிப்பி, சீமைப்பனிச்சைப் பழத்துக்கும் அதே சொல். மெலிதாகச் சொன்னால் சாவி. நம்ம எழுத்தில் ரெண்டும் ஒன்று. அழுத்தம் வேண்டுமென்று ஒற்று வைத்தால் ‘கக்கி’ என்று விவகாரமாகிவிடும். அதே சமயம், குறில் நெடில் நமக்குப் பிறவிச் சொத்து. ஒபசன் என்றால் அத்தை, ஒபாசன் என்றால் பாட்டி. ஆங்கில எழுத்தில் படித்தவர்கள் ஜப்பான் போய் அத்தையைப் பாட்டியாக்கி அடிவாங்குவது இந்த இடத்தில்தான். எனவே தமிழ் எழுத்து எங்கே உதவும், எங்கே காலை வாரும் என்று ஒவ்வொரு பக்கத்திலும் ரெண்டு பேர் சண்டை போட்டுத்தான் எழுதியாக வேண்டும். அப்புறம் கஞ்சி இருக்கிறது, குடிக்கிற கஞ்சி இல்லை, சீன எழுத்து. பொதுப் பயன்பாட்டுக்கு என்று 2010-ல் அரசு திருத்தி வெளியிட்ட பட்டியலில் மட்டும் 2,136. அதற்கு எந்தத் தொல்காப்பியரும் உதவமாட்டார். எழுதி எழுதித் தேய வேண்டியதுதான்.

பரீட்சை டிசம்பர் முதல் ஞாயிறு. முந்தின நாள் சென்செய் அந்த நோட்டை வாங்கி முழுக்க ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டாராம். “எதுக்குண்ணா?” என்று பையன் கேட்டான். அடுத்த பேட்ச்சில் ஏழு பேர் தமிழ் மீடியமாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு என் போனுக்கு ஒரு செய்தி. ரெண்டே சொல், ஜப்பானிய எழுத்தில். எழுத்துக்கூட்டிப் படித்தேன். இத்தெ கிமஸ். எதிர் ஃபிளாட்டில் போய்க் காட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். சொன்னேன்.

“உதுக்கு என்ன பதில் போட வேணும்?”

“போயிட்டு வா.”

“அப்ப ஏன் நிக்கிறியள் தம்பி? கெதியாப் போடுங்கோ. பிள்ளை வெளிக்கிட்டிடும்.”

ரிசல்ட் ஜனவரி கடைசியில் வரும்.